இருக்க வேண்டாமா?

கோதையம்மா இறந்துபோன செய்தி சுகந்திக்கு ஒரு டிக்கெட்டாக வந்தது. சினிமா டிக்கெட்டோ ரயில் டிக்கெட்டோ இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் யாராவது புகார் சொன்னால், உதவி கேட்டால், அதற்கு ஒரு நம்பர் போட்டு வரிசையில் நிறுத்துவார்கள் பாருங்கள், அந்த டிக்கெட். காலை பத்தேகால் மணி. கையில் காபி. 'பயனர் எண் 1. கணக்கை மூடவும். காரணம்: மரணம்.' அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் பழகிய மனுஷிக்கு ஒன்றரை வரி.

சுகந்தி காபியை அப்படியே வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, திரும்பி வந்து உட்கார்ந்தாள். காபி ஆடை கட்டியிருந்தது.

கரூரிலிருந்து முதல் வேலைக்குக் கோயமுத்தூர் வந்த புதிதில், கணபதியில் கோதையம்மா நடத்திய மெஸ்ஸில்தான் அவள் மூன்று வருஷம் சாப்பிட்டாள். போதும் போதும் என்று இலைமேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாலும் கோதையம்மா விடமாட்டார். விரல் இடுக்கில் ஊற்றுவார் ரசத்தை. அப்புறம் அவருக்கு அந்தப் பாழாய்ப்போன நரம்பு வியாதி வந்தது. முதலில் கரண்டி பிடிக்கிற கை போயிற்று, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசியில் மூச்சும் போய், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வழியாக ஒரு இயந்திரம் மூச்சு விடத் தொடங்கியது. புத்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

அப்படி உள்ளேயே அடைபட்டுப் போனவர்களுக்காக வந்ததுதான் 'பொட்டு'. உளுந்து அளவு சில்லு. நெற்றி ஓரத்தில் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். கையை நீட்ட வேண்டும் என்று நோயாளி நினைத்தால் போதும், பக்கத்து மேசையிலுள்ள கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி நகரும். திரையில் இருக்கிற பொத்தான்மேல் அதை நிறுத்தி, அழுத்துவதாக நினைத்தால் பொத்தான் அழுந்தும். அந்தத் திரையைத் தயாரித்தது சுகந்தியின் கம்பெனி. மென்பொருளின் பெயர் 'வாக்கு'. அதை முதன்முதலில் பயன்படுத்தியவர் கோதையம்மா. எண் 1.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், திரை ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டித்தான் சுகந்தி சரிபார்த்தாள். அதில் ஒரு திரை சட்டப்படி கட்டாயம். இயந்திரத்தில் மூச்சு விடுகிற ஒவ்வொருவரையும் வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணி மாசத்தில், கேட்க வேண்டும், இது தொடரட்டுமா, நிறுத்தலாமா என்று. நிறுத்தலாம் என்று பதில் வந்தால் மூன்று நாள் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மூன்று நாளும் அதே பதில் என்றால் அவர் இஷ்டப்படி விட்டுவிட வேண்டும். சுகந்தி வக்கீலிடம் எழுதி வாங்கிய வாசகத்தைக் காட்டினாள்: 'உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்ந்து பெறத் தங்களுக்கு விருப்பம் உள்ளதா?'

கோதையம்மா எழுத்துக்கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பதில் எழுதினார். 'ஏனம்மிணி, இதென்ன கோர்ட்டுச் சம்மனா? படிச்சு முடிக்கறதுக்குள்ள உசுரு போயிரும்.'

"வேற எப்படிங்கம்மா கேக்கறது? நிறுத்தட்டுமான்னு கேக்க எனக்கே வாய் வரலைங்க."

'அதை யாரு கேக்கச் சொன்னா. விருந்தாளி கிளம்பறப்ப என்ன கேப்போம்? இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாமான்னு கேப்போமல்ல. அதையே கேளு. இருக்கறேன்னு ஒரு பட்டன். போதும்னு ஒரு பட்டன். முடிஞ்சுது சோலி.'

சுகந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே எழுதினாள். 'இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாமா?' திரையின் இடது கீழ்மூலையில் பச்சையாக, பெரிதாக, 'இருக்கறேன்'. வலது மூலையில் 'போதும்'. வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பரவாயில்லையே, இதில் குழப்பம் வர வழியே இல்லை என்று கையெழுத்துப் போட்டார். எட்டு ஆவணிக்கு எட்டு முறை அந்தக் கேள்வி கோதையம்மாவிடம் போயிற்று. கேள்வி முழுசாகத் தெரிவதற்குள் 'இருக்கறேன்' அழுந்தியிருக்கும். ஒரு வருஷம் பொத்தானை அழுத்திவிட்டு எழுதினார்: 'பந்தில ஆளு உக்காந்திருக்கறப்ப கடையச் சாத்தறவளா நானு?'

இதுவரைக்கும் எல்லாம் நல்லதுதான். வினை இந்தத் தை மாசம் வந்தது.

வீடு கட்டுகிறவர் ஜன்னலைத் தானே இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? கடையில் செய்து வைத்ததை வாங்கி வந்து சுவரில் பொருத்துவார். மென்பொருளிலும் அதே கதைதான். திரையில் தெரிகிற பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும். அந்தச் சரக்குக்கு டூல்கிட் என்று பெயர். 'வாக்கு' எந்த டூல்கிட்டை வைத்துக் கட்டப்பட்டதோ அதைச் செய்தவர்கள் கைகழுவிவிட்டார்கள். சித்திரைக்கு மேல் பொட்டுகளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. வேறு ஒன்றுக்கு மாறியே ஆக வேண்டும். இருந்ததோ இரண்டு.

ஒன்றுக்கு ஆபீசில் 'சிங்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு பொத்தானையும் அது தானே வரைந்து, தானே அலங்கரித்துக் கொண்டுவரும். எந்த எழுத்தை வேண்டுமானாலும் எழுதலாம், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் நடை மெதுவு. இன்னொன்று 'கறார்'. கம்ப்யூட்டரிலேயே இருக்கிற பொத்தான்களை எடுத்து வைத்துவிடும். நினைத்த மாத்திரத்தில் வரும். ஆனால் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு அதில் ஒரு முத்திரைப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டி திரையின் நடுவில்தான் வரும். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்கள்தான் அதில் இருக்கும். யாரும் மாற்ற முடியாது.

கம்பெனியை நடத்துகிற ரத்தினசபாபதி கேலி செய்தார். "பொண்ணு பாக்கற படலமாட்டப் போச்சு சுகந்தி. ஒண்ணு அழகு, ஆனா அசைஞ்சு அசைஞ்சு வருது. இன்னொண்ணு சுறுசுறுப்பு, ஆனா பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. எதைக் கட்டறது?"

"கட்டிக்கப் போறது நீங்க இல்லைங்க சார். இருநூத்திப் பன்னெண்டு பேரு. அவங்களைக் கேக்காம எதுக்குப் பூ வெக்கறது?"

"முத்திரைப் பெட்டி நமக்கு நல்லதுதான். போன வருஷம் பேப்பர்ல பாத்தீல்ல? சொந்தக்காரனே பொத்தான்ல 'பாட்டுப் போடு'ன்னு எழுதி வெச்சு, படுக்கையில இருந்த பெரியவர்கிட்ட வீட்டை எழுதி வாங்கிட்டான். அந்தச் சோலியே இதுல நடக்காது."

சுகந்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் மாசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு கோதையம்மாவிடம் போனாள். அவர் மகன் பூபதி கதவைத் திறந்தான். பம்பு மோட்டார் கம்பெனியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் ஒரு நர்ஸ் வருவார், மற்ற நேரமெல்லாம் தாய்க்கு அவன்தான்.

முதலில் சிங்காரி. கோதையம்மா நினைத்தார், கால் நொடி கழித்து அம்புக்குறி கிளம்பியது. கால் நொடிதானே என்று நமக்குத் தோன்றும். 'நான் கைய நீட்டுனா இது யோசிச்சுட்டு வருதம்மிணி. ஊரான் கையக் கடன் வாங்குன மாதிரி இருக்குது' என்று எழுதினார்.

பிறகு கறார். ஐந்து நிமிஷம் ஒன்றும் எழுதவில்லை. அம்புக்குறி மட்டும் திரை முழுக்கச் சுற்றியது. மேலே போயிற்று, கீழே வந்தது, வட்டம் போட்டது, எட்டுப் போட்டது. அடுப்பு நாலையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்ட கை அது. கடைசியில் எழுதினார்: 'இது என்ற சொந்தக் கை. என்ற கையேதான்.' வாசற்படியில் நின்ற பூபதி உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

அதற்குமேல் என்ன யோசனை? கறார் என்று முடிவாயிற்று. நாற்பத்து மூன்று சட்டக் கேள்விகளையும் சுகந்தியே முத்திரைப் பெட்டிக்கு மாற்றினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். அந்தக் கேள்வி வந்தபோது 'இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாமா?' என்று கோதையம்மாவின் மெஸ் குரல் காதில் கேட்டது. அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தக் குரலில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'ஆம்' என்று அழுத்திப் பார்த்தாள், வேலை செய்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

சித்திரையில் புது 'வாக்கு' எல்லார் வீட்டுக்கும் போயிற்று. வைகாசியில் கோதையம்மாவின் உடம்பு இன்னும் ஒரு படி இறங்கியது. சின்னச் சின்ன எழுத்துகளைக் குறிபார்க்க முடியவில்லை. எழுத்துக்கட்டம் எட்டாமல் போயிற்று. பெரிய பொத்தான்கள் மட்டும் மிஞ்சின. 'தண்ணி.' 'வலி.' 'பூபதி.' 'ஆம்.' 'இல்லை.' சுகந்தி இரண்டு முறை போய்ப் பார்த்தாள். பேச்சு இல்லாத கோதையம்மாவைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மூன்றாம் முறை போக வேண்டும், போக வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் ஆவணி வந்து, இந்த டிக்கெட்டும் வந்துவிட்டது.

கணக்கை மூடுவதற்கு முன்னால் கடைசிப் பதிவுகளை ஒருமுறை பார்ப்பது வழக்கம். சுகந்தி திறந்தாள். மூன்று நாள், மூன்று வரி. 'கேள்வி: இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டாமா? பதில்: ஆம்.' மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. அடியில் ஆஸ்பத்திரியின் குறிப்பு: 'சிகிச்சை வேண்டாம் என நோயாளி மூன்று நாளும் உறுதியாகத் தெரிவித்துள்ளார்.'

சரிதான், போதும் என்று நினைத்துவிட்டாரா என்று சுகந்தி முதலில் வருத்தப்பட்டாள். வருத்தத்தோடு மறுபடியும் படித்தாள். பக்கத்து மேசையில் மணிபாரதி என்னவோ தட்டிக்கொண்டிருந்தான்.

"மணி, 'உனக்குக் காபி வேண்டாமா'ன்னு கேட்டு, நீ 'ஆமா'ன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"வேண்டாம்னு அர்த்தம்."

"'ஏப்பா, தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டாமா'ன்னு கேட்டு 'ஆமா'ன்னு சொன்னா?"

"ஆமா, போகணும்தான்னு அர்த்தம்." அவன் சிரித்தான். "என்னக்கா, காலங்காத்தால தமிழ் கிளாஸா?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

'இருக்கறேன்', 'போதும்' என்று பொத்தான்கள் இருந்தவரை அந்தக் கேள்வி எப்படி இருந்தாலும் பதில் தெளிவாக இருந்தது. பொத்தான்களைப் பிடுங்கி 'ஆம்', 'இல்லை' என்று வைத்ததும் கேள்விக்கு இரண்டு நாக்கு முளைத்துவிட்டது. கேட்டவர் ஒன்று கேட்க, சொன்னவர் ஒன்று சொல்ல, எழுதிக்கொண்டவர் வேறு ஒன்று எழுதிக்கொண்டார். இதைச் செய்தது வேறு யாருமில்லை, சுகந்திதான். டூல்கிட்டைத் தேர்ந்தெடுத்ததும் அவள், கேள்வியைத் தூக்கி அதில் வைத்ததும் அவள்.

அந்த நிமிஷமே முத்திரைப் பெட்டிக் கேள்விகள் அத்தனையையும் நிறுத்தினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் வாலையாவது பிடிக்க வேண்டுமே. ஆவணியில் வேறு யாருக்கெல்லாம் அந்தக் கேள்வி போயிருக்கிறது என்று தேடினாள். ஆறு பேர். ஆறு பேருமே இன்னும் எழுதக்கூடியவர்கள். அவளும் மணிபாரதியுமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, நேரடியாக, பச்சையாகக் கேட்கச் சொன்னார்கள். ஆறு பேரும் இருக்கிறோம் என்றுதான் எழுதினார்கள். அவர்களில் நாலு பேர் 'இல்லை' என்று அழுத்தியிருந்தார்கள், இரண்டு பேர் 'ஆம்' என்று அழுத்தியிருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் இரண்டாம் நாள் கேள்வி முடிந்திருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். மணிபாரதி போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

கோதையம்மா எதை நினைத்து 'ஆம்' என்றார்? அதைக் கேட்க அவர் இல்லை. ஆனால் பொட்டு இருந்தது. ஆளைத் தகனம் செய்வதற்கு முன் ஆஸ்பத்திரியில் அதை எடுத்து வைத்துவிடுவார்கள். முப்பது நாள் கதையை அது தனக்குள் எழுதி வைத்திருக்கும், அப்புறம் தானே அழித்துவிடும். பொத்தான் இல்லாத வெற்று இடத்தில் அழுத்தினால் டூல்கிட் அதைக் குப்பை என்று தள்ளிவிடும். பொட்டு தள்ளாது. அழுத்தியது எங்கே, எப்போது என்று குறித்துக்கொள்ளும்.

சுகந்தி அந்தப் பதிவை வரவழைத்துத் திரைமேல் விரித்தாள். அழுத்திய இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. திரையின் நடுவில் பெட்டி, அதில் 'ஆம்' பொத்தான்மேல் மூன்று நாளுக்கு மூன்று புள்ளி. மற்றதெல்லாம் இடது கீழ்மூலையில். அங்கே பொத்தான் எதுவும் இல்லை, வெறும் சாம்பல் நிறம்தான். முதல் நாள் பதினோரு முறை அங்கே அழுத்தியிருக்கிறார். அது அசையவில்லை என்றதும் நடுவிலிருந்த 'ஆம்' மேல் போயிருக்கிறார். இரண்டாம் நாள் ஏழு முறை. மூன்றாம் நாள் இருபத்து மூன்று. ஏன் இப்படி மூன்று நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பயந்திருப்பார். இருக்கறேன், இருக்கறேன் என்று இல்லாத பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இருந்ததில் நல்ல சொல்லாகப் பார்த்து 'ஆம்' என்று சொல்லியிருக்கிறார்.

சுகந்தி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஐயோ, என் கையாலேயே இந்தப் பாவத்தைப் பண்ணினேனே என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் பக்கத்தில் வரவில்லை.

ரத்தினசபாபதி கெட்டவர் இல்லை. அன்றைக்கே அரசாங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதினார். கேள்வி இரண்டு விதமாகப் பொருள்படும், தவறு எங்களுடையது என்று மழுப்பாமல் எழுதினார். பிறகு சுகந்தியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தப் புள்ளிப் படம் வேற யாருகிட்ட இருக்குது?"

"என்கிட்ட மட்டும்தானுங்க."

"அது அங்கயே இருக்கட்டும். விசாரணைக்குக் கேட்டா குடுப்போம், ஒளிக்கச் சொல்லலை. ஆனா அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டு அர்த்தம் வரும், அம்மா மனசுல என்ன இருந்துச்சோ ஆண்டவனுக்குத்தான் தெரியும்னு அவன் நினைச்சுக்கட்டும். மிசினை நிறுத்தறதுக்கு முன்னால போடற கடைசி ஊசிக்குக் கையெழுத்துப் போட்டது அவன், சுகந்தி. இதைப் பாத்தா உசுரோட இருப்பானா?"

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பூபதியே வந்தான். மொட்டை போட்டிருந்தான். மோட்டார் வருகிற அட்டைப்பெட்டி ஒன்றில் கோதையம்மாவின் கம்ப்யூட்டரைத் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"உங்க பொருளுங்க அக்கா. வேற யாருக்காச்சும் ஆகுமல்ல."

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? சொல்லியிருந்தா ஆளு அனுப்பியிருப்பனே. உக்காரு பூபதி. தண்ணி குடி."

அவன் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"டாக்டரு சொன்னாருங்க, உங்கம்மா இப்படிச் சொல்லியிருக்காங்கன்னு. எனக்கு நம்பிக்கையில்லீங். அம்மாகிட்டயே போய்க் கேட்டேன். எப்படிங்க அக்கா வாயத் தொறந்து கேக்கறது, சாகறியான்னு? 'நீ சொன்னபடியே செஞ்சரலாமாம்மா'ன்னுதான் கேட்டேன். ஆம்னு அழுத்துச்சு. டாக்டரும் வந்து, 'சொன்னதுல மாத்தமில்லீங்களே அம்மா'ன்னாரு. அதுக்கும் இல்லைன்னு அழுத்துச்சு. அப்புறம் எப்பவும் போடற தூக்க ஊசிதான்னு சொல்லிப் போட்டாங்க. நிம்மதியாத் தூங்கும்மான்னு சொன்னேன். என்னையவே பாத்துட்டிருந்துச்சு."

சாவு என்ற சொல்லைப் படுக்கைப் பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. எடுப்பார்களா? நம் வீடுகளில் யார் எடுப்பார்கள்? எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன். அம்மா அழுத்துன அந்தப் பதிலு... அது நிசமா அம்மா சொன்னதுதானுங்களா?"

ரத்தினசபாபதி சொல்லிக்கொடுத்தபடி தெரியாது என்று சொல்லத்தான் சுகந்தி வாயெடுத்தாள். அவன் மொட்டைத் தலையையும் குழிந்த கண்ணையும் பார்த்ததும் தெரியாது என்ற சொல்கூட அவனுக்குப் பாரமாகிவிடும் என்று தோன்றிவிட்டது. அவன் பாரத்தை முழுசாகவே இறக்கி வைத்துவிடுவோம் என்று நினைத்தாள்.

"ஆமா பூபதி. அம்மா தெளிவாத்தான் சொன்னாங்க. போதும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நீ எதையும் போட்டு மனசைக் கொழப்பிக்காதே."

அவன் தலையை ஆட்டினான். டம்ளரை மேசையில் வைத்தான். பிறகு சத்தமே இல்லாமல் அழ ஆரம்பித்தான்.

"அப்ப கேட்டிருக்குதுங்க அக்கா."

"என்னது?"

"ஆடிக் கடைசியில ஒரு நாளுங்க. டபுள் டூட்டி பாத்துட்டு வந்து சளி எடுக்கற குழாயக் கழுவிட்டிருந்தேன். என்னமோ ஒரு அலுப்பு. எத்தனை நாளைக்குத்தான் இப்படியோன்னு வாயில வந்துருச்சு. மெதுவாத்தான் சொன்னேன். அம்மா கண்ணு மூடித்தான் இருந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சுட்டேன்." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எங்கயாச்சும் மிசினு தப்பாப் போச்சுன்னு நீங்க சொல்லுவீங்கன்னு வந்தனுங்க. என்ற வாயாலதான் அம்மா போயிருக்குது. சரிங் அக்கா. நான் வரேன்."

எழுந்து நடந்தான். கதவு திறந்து மூடியது.

அவனுக்காகச் சொன்ன பொய் என்றுதான் சுகந்தி இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் உறைத்தது. தான் செய்த தப்பைத் தூக்கி அவன் தலையில் வைத்து, செத்தவள் பெயரையும் சொல்லிக் கட்டி அனுப்பியிருக்கிறாள். அவன் ஆயுசு முழுக்க அந்த ஒரு அலுப்பான வார்த்தையைச் சுமப்பான். உண்மையைச் சொன்னால் மட்டும் லேசாகிவிடுமா? இருக்க ஆசைப்பட்டவளைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டோம் என்று அதைச் சுமப்பான். எதைச் சொன்னாலும் அவன் சுமக்கத்தான் வேண்டும். ஆனால் முதலாவது அவனுடையதே இல்லாத பாரம்.

அவள் எழுந்து ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. அவன் பைக்கை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"பூபதி, நில்லு. நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். உள்ள வா. நீ அப்புறம் என்னைய அடிச்சாலும் சரி, வா."

அவனை உட்காரவைத்துப் புள்ளிப் படத்தைத் திறந்தாள். கேள்வி எப்படி மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். தன் பெயரையும் விடாமல் சொன்னாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. திரையின் இடது கீழ்மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த எடத்துல என்னங்க இருந்துச்சு?"

"'இருக்கறேன்'ங்கற பட்டன். சித்திரைக்கு முன்னாடி அங்கதான் இருந்துச்சு. நான் எடுத்துட்டேன்."

"எத்தனை தடவைங்க?"

"மூணு நாளும் சேத்து நாப்பத்தொண்ணு."

"போதும்னு சொல்லலை."

"சொல்லலை பூபதி. ஒருதரம்கூடச் சொல்லலை."

அவன் தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். செப்புக் கம்பி கீறிக் கீறித் தழும்பேறிய ஆள்காட்டி விரலை எடுத்து அந்தச் சாம்பல் மூலையில் வைத்து அழுத்தினான். ஒண்ணு என்றான். எடுத்து மறுபடியும் அழுத்தினான். ரெண்டு என்றான். சுகந்தி பக்கத்தில் நின்றாள். அவன் நாற்பத்தொன்று வரைக்கும் எண்ணி முடிக்கிற மட்டும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.